வாதமும் உடன்பாடும்

சிவஞான சித்தியாரைக் கற்கப் புகுவார்க்குப் பதி, பசு, பாசம் என்னும் பொருளாராய்ச்சிக்கு முன்னே அளவையிலக்கணம் எதிர்ப்படும். 13ஆம் நூற்றாண்டில் விளங்கிய அருணந்தி சிவாசாரியார், அளவை பத்து என்பாரது கொள்கையை எடுத்துக்கூறி, அவையனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கி, பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்பவற்றின் இயல்பினையும், அவற்றின் போலிகளையும், வாதிப்போன் தோல்வியுறும் இடங்களையும் தொகுத்துரைத்தார். இம்முறைமை தருக்கப் பயிற்சி ஒன்றே கருதியதன்று. சொல்லாடுவார் இருவரும் முன்னரே ஒப்புக்கொண்ட விதி இல்லாவிடத்து அவர்தம் சொல் பூசலாய் முடியுமேயன்றித் துணிபாய் முடியாது என்பதே அதன் உட்கிடை.

இவ்வுட்கிடை இக்காலத்தே எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் தலைகாட்டியுள்ளது. ஒருவர் பொருட்டுப் பண்டம் கொள்ளவும் விற்கவும், பணியைப் பகிர்ந்துகொள்ளவும், வழக்கினைத் தீர்த்துக்கொள்ளவும், பிற நிரல்களோடு தாமே செய்தி பரிமாறி உடன்பாடு காணுமாறு எழுதப்பட்ட கணிப்பொறி நிரல்கள் உள. அவற்றை மென்பொருள் முகவர் என்பர். இம்முகவர் விலை மட்டும் கூறிப் பேரம் பேசுதல் போதாது, ஏதுக் காட்டி வாதித்தலும் வேண்டும் எனக் கண்ட அறிஞர், அவ்வாதத்திற்கு விதி வகுக்கப் புகுந்தனர். அங்ஙனம் புகுந்தோர் சென்ற நெறி யாது, அந்நெறியிற் பண்டையோர் வகுத்த வரம்புகள் எவ்வாறு மீண்டும் வேண்டப்பட்டன, வரம்பு வகுக்கப்படாதவிடத்து விளைந்தது யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

வாதம், சற்பம், விதண்டை

கௌதமர் நியாய சூத்திரம் அளவை முதலாகத் தோல்வித்தானம் ஈறாகப் பதினாறு பதார்த்தங்களைக் கூறும். முடிந்த முடிபெனப் பொருள்படும் சித்தாந்தம் என்பதும் அவற்றுள் ஒன்றாய் ஆறாவதாக நிற்றல் கருதத்தக்கது. பத்தாவது வாதம், பதினோராவது சற்பம், பன்னிரண்டாவது விதண்டை. மெய்ம்மை காண்டலே பயனாகக் கொண்டு, அளவையாலும் தருக்கத்தாலும் தன் கொள்கையை நிறுவியும் பிறன் கொள்கையை மறுத்தும் நிகழ்வது வாதம். வெற்றியே பயனாகக் கொண்டு, சொற்புரட்டினையும் போலி மறுப்பினையும் கருவியாகக் கொள்வது சற்பம். தனக்கென ஒரு கொள்கையும் நிறுவாது பிறன் கொள்கையை அழித்தல் ஒன்றே குறியாய் நிற்பது விதண்டை. சொற்புரட்டாகிய சலம் 3 வகை. போலி மறுப்பாகிய சாதி 24 வகை. தோல்வித்தானம் 22 வகை.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. தோல்வித்தானம் அனைத்தும் வாதத்தில் எடுத்தோதப்படுவன அல்ல என்பது நியாய பாடியம் உணர்த்தும் முறை. தான் ஒப்புக்கொண்ட கொள்கைக்குத் தானே மாறாகப் பேசுதல், போலி ஏதுக் கூறல், உறுப்புக் குறைதல், உறுப்பு மிகுதல் என்றித்தகையனவே வாதத்திற் குற்றமாக எடுத்துக்காட்டப்படும். எதிரியை மடக்குதற்கென்றே எண்ணப்பட்ட பிறவெல்லாம் மெய்ம்மை நாடுவார் இருவரிடையே பயனற்றன. ஆகவே ஒரே சொல், சொல்லாடலின் பயன் வேறுபடுந்தோறும், ஓரிடத்திற் குற்றமாயும் பிறிதோரிடத்திற் குற்றமன்றாயும் நிற்கும்.

மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் விமானத்தானத்து 8ஆம் அத்தியாயத்தில் சொல்லாடலை இரண்டாகப் பகுக்கும்: இணங்கிப் பேசும் சந்தாய சம்பாடை ஒன்று, முரணிப் பேசும் விக்கிருகிய சம்பாடை மற்றொன்று. நோயாளியின் உயிர் இடையே நிற்க, மருத்துவர் இருவர் எங்ஙனம் உரையாடல் வேண்டும் என்னும் கவலையிற் பிறந்தது இப்பகுப்பு. தமிழிற்கும் இவ்வாராய்ச்சி பழையதே. மணிமேகலை 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் உறுப்புக்களையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைத்தல் கற்றோர் அறிந்ததே.

எனினும் இந்நூல்கள் விரித்துப் பேசியன யாவும் கொள்கை பற்றிய சொல்லாடலே. ஒருவன் வேண்டுவதும் மற்றொருவன் வேண்டுவதும் மாறுபட்டவழி, எது மெய் என்பது வினாவன்று. இருவரும் எதற்கு இசைவர் என்பதே வினா. இதனைப் பேரம் என்று உலகோர் கூறுவர். வாதத்தின் விதி பேரத்திற்கும் பொருந்துமோ என்பதே மென்பொருள் முகவர் வரலாற்றின் நடுவே நிற்கும் வினாவாம்.

சிட்னி நகரத்து ஹாம்ப்ளின்

பண்டை வாத நூலுக்கும் இக்கால முகவர்க்கும் இடையே மெய்யான தொடர்பு ஒன்று உண்டு. அஃது ஆஸ்திரேலிய அறிஞர் சார்லஸ் ஹாம்ப்ளின் என்பாரால் ஆயது. 1922இற் பிறந்து 1985இல் மறைந்த அவர், சிட்னி நகரத்தில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மெய்ப்பொருள் நூலாசிரியராய் விளங்கினார். அப்பல்கலைக்கழகம் 1956இற் பெற்ற கணிப்பொறியை இயக்கும் பணியிலும் ஈடுபட்டு, எண் குறிகளைப் பின்னே நிறுத்திக் கணக்கிடும் முறையொன்றைக் கணிப்பொறிக்கெனக் கண்டவருள் ஒருவராயினார். தருக்கமும் கணிப்பொறியும் ஒருவரிடத்தே கூடியது இங்ஙனம்.

1970இல் அவர் போலி ஏதுக்களைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். கிரேக்கர் காலம் முதலாக மேனாட்டார் போலிகளைப் பற்றி எழுதிவந்தன பெரும்பாலும் வழிவழிப் படியெடுத்தலாய் ஒழிந்தன என்று காட்டிய அவர், அந்நூலில் இந்திய மரபுக்கென ஓர் அத்தியாயத்தைத் தனியே ஒதுக்கி, நியாய சூத்திரத்தின் வாத இலக்கணத்தை ஆராய்ந்தார். மேனாட்டுத் தருக்க நூலார் பலர் இந்திய வாத நூலை ஏறெடுத்தும் பாராத காலத்தில் அவர் இதனைச் செய்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்நூலில் ஹாம்ப்ளின் வகுத்த கருவி ஒன்று பின்னர்ப் பெரும்பயன் விளைத்தது. சொல்லாடுவார் ஒவ்வொருவர்க்கும் ஓர் ஒப்புரைப் பட்டியல் உண்டு. ஒருவன் ஒன்றைச் சொன்னால் அது அவன் பட்டியலில் ஏறும். எதிரி சொன்னதை மறுக்காது ஒப்பினால் அதுவும் ஏறும். கைவிட்டேன் என்று வெளிப்படக் கூறினால் நீங்கும். ஒருவன் தன் பட்டியலில் உள்ளதற்கு மாறுபடப் பேசின், எதிரி அதனை எடுத்துக்காட்டி விளக்கம் கேட்கலாம். இப்பட்டியலில் இருப்பது அவன் உள்ளத்தே நம்புவது என்பதன்று. அவையறிய ஒப்புக்கொண்டது என்பதே. பிறன் உள்ளம் காணப்படாது. அவன் சொல்லே காணப்படும். ஆதலின் சொல்லளவில் அவனைப் பிணிக்கும் விதி வேண்டும் என்பது அவர் கருத்து.

தான் ஏற்ற கொள்கைக்குத் தானே மாறாகப் பேசுதலைத் தோல்வித்தானமாக வைத்த பண்டையோர் கொண்டதும் இக்கருத்தே. கௌதம மரபிற்கு வேண்டியது அவையினர் நினைவு. ஹாம்ப்ளினுக்கு வேண்டியது எழுதிய பட்டியல். கணிப்பொறிக்கோ பட்டியல் இயல்பாகவே அமைந்தது. ஆகவே பிற்காலத்தே முகவர்க்கு வாத விதி எழுதினோர் பலர் ஹாம்ப்ளின் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டனர்.

1995இல் டக்ளஸ் வால்ட்டன், எரிக் கிராபே என்னும் இருவர் இதனை விரித்து, சொல்லாடலை அதன் பயன் பற்றி ஆறு வகையாகப் பகுத்தனர்: பிறனை ஒப்புவித்தல், மெய்ம்மை தேடல், பேரம் பேசி உடன்படல், செய்வது யாது எனக் கூடி ஆய்தல், செய்தி கேட்டறிதல், பிணங்கிப் பொருதல் என்பன அவை. மெய்ம்மை தேடல் வாதத்தோடும், பிணங்கிப் பொருதல் சற்பத்தோடும் ஒரோவழி ஒப்பன. பேரம் தனியே ஒரு வகையாக எண்ணப்பட்டமையும் காண்க. பயன் வேறாயின் விதியும் வேறாம் என்னும் பழைய நுட்பம் இப்பகுப்பிலும் விளங்கும்.

பேரமும் ஏதுவும்

முகவர் வரலாற்றின் தொடக்கத்தில் ஏதுவுக்கு இடமில்லை. 1980இல் ரீட் ஸ்மித் வகுத்த ஒப்பந்த வலை என்னும் முறையில், பணி உடைய முகவர் அதனை அறிவிக்கும். இயன்ற முகவர்கள் தத்தம் கேள்வியை அனுப்பும். தக்கதற்குப் பணி ஒப்படைக்கப்படும். இஃது ஏலக்களத்தின் முறை. கேட்ட விலை ஏன் கேட்கப்பட்டது என்று வினவுவாரும் இல்லை, விடுப்பாரும் இல்லை.

1980க்குப் பின்வந்த பத்தாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே கேத்தியா சிக்காரா என்பார், தொழிற்சங்கத்துக்கும் கம்பெனிக்கும் இடையே நிகழும் ஊதிய வழக்கில் நடுநின்று பேசும் நிரலொன்றை அமைத்தார். அந்நிரல் தொகையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததோடு நில்லாது, முன்னர்த் தீர்ந்த வழக்குகளை எடுத்துக்காட்டியும், உடன்படாவிடின் நேரும் இழப்பை விளக்கியும் இருபாலாரையும் இணங்குவிக்க முயன்றது. ஒருவர்க்குத் தொகை ஒன்றே. ஆயினும் அத்தொகை அவர் கண்ணிற் பெறும் மதிப்பு ஏதுவினால் மாறும் என்பதே இம்முயற்சியின் உயிர்நிலை. 1998இல் சரித் கிராவுஸ், சிக்காரா, அமீர் எவன்சிக் ஆகிய மூவர், பேரத்தில் வழங்கும் ஏதுக்களை வகைப்படுத்தி முகவர்க்கு எழுதினர்: அச்சுறுத்தல், பின்வரும் பயன் காட்டல், முன் கொடுத்த வாக்கை நினைவூட்டல், மாறான எடுத்துக்காட்டுக் கூறல், வழக்காற்றைக் காட்டல், கேட்போனது நலனையே காட்டல் என ஆறு. இவற்றுள் அச்சுறுத்தலும் பயன் காட்டலும் அளவை நூலார் ஏதுவென ஒப்பாதன. பேரம் என்பது மெய்ம்மை தேடலோடு முற்றும் ஒன்றாகாது என்பது இவ்வகைப்பாட்டினாலேயே தெளிவாம்.

அதே 1998இல் சைமன் பார்சன்ஸ், கார்லஸ் சியரா, நிக் ஜென்னிங்ஸ் என்போர் வெளியிட்ட ஆராய்ச்சியுரையில் எளிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஒருவன் சுவரிற் படம் மாட்ட விரும்புகின்றான்; அவனுக்கு ஆணி வேண்டும். ஆணியோ மற்றொருவனிடத்தே உளது. அவன் அதனைக் கொண்டு கண்ணாடி மாட்டக் கருதியுள்ளான். ஏதுவின்றிப் பேரம் நிகழின், தா என்பதும் தாரேன் என்பதுமாக அப்பேரம் முடிந்துவிடும். ஏன் தாராய் என்று முதல்வன் வினவ, கண்ணாடி மாட்டற்கு வேண்டும் என்று மற்றவன் விடை கூறுகின்றான். அப்பொழுது முதல்வன், கண்ணாடியைத் திருகாணி கொண்டும் மாட்டலாம் என்று காட்டி, தன்னிடமுள்ள திருகாணியையும் திருப்புளியையும் ஈடாகத் தர இசைகின்றான். படமும் தொங்குகின்றது, கண்ணாடியும் தொங்குகின்றது.

இவ்வெடுத்துக்காட்டிற் மறுக்கப்பட்டது யாது, மறுக்கப்படாதது யாது என்று நோக்குக. ஆணியை விடேன் என்னும் கட்சி மறுக்கப்பட்டது. கண்ணாடி மாட்டல் வேண்டும் என்னும் நோக்கம் மறுக்கப்படவில்லை. மற்று, அது நிறைவேற்றப்பட்டது. கட்சி வேறு, அதன் பின்னே நிற்கும் நோக்கம் வேறு. இரண்டும் ஒன்றெனக் கொள்பவன் கட்சியை இழப்பின் அனைத்தும் இழந்தோம் என அஞ்சிக் கடைசிவரை பற்றிக்கொள்வான். வேறெனக் காண்பவன் கட்சியை நெகிழவிட்டு நோக்கத்தைப் பெறுவான்.

முகவர் இங்ஙனம் உரையாடற்கு வேண்டும் சொற்களும் வகுக்கப்பட்டன. 1996இல் தோன்றிய பன்னாட்டு அமைப்பொன்று முகவர்க்குப் பொதுமொழி ஒன்றை ஏற்படுத்தியது. அறிவித்தல், வேண்டல், முன்மொழிதல், ஏற்றல், மறுத்தல் முதலியன அதனுள் இருந்தன. ஏதுவை வினவி வாதித்தற்கு வேண்டும் சொற்கள் அதனிற் போதாமை கண்ட பீட்டர் மக்பர்னியும் பார்சன்சும், 2004இல் ஐந்து சொற்களைச் சேர்த்தனர்: கூறல், வினவல், ஏதுக் கேட்டல், ஏதுக் காட்டல், கைவிடல். ஐந்தாவதாகிய கைவிடல் சிறிய சொல்லாயினும், அஃதின்றேல் ஏனை நான்கும் பயனில. கூறியதைக் கைவிடற்கு வழியில்லாதவன் கேட்டுத் திருந்துவது எங்ஙனம்?

ஒன்பது வாதிகளும் ஒரு கணக்கும்

வாதங்கள் பல ஒன்றையொன்று தாக்கி நிற்குங்கால் இறுதியில் நிலைபெறுவது எது என்னும் வினாவிற்கு, 1995இல் விடையொன்று வெளிவந்தது. வியத்நாமியராகிய பான் மின் துங் என்பார், பாங்காக் நகரத்து ஆசியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்து அதனை எழுதினார். வாதத்தின் உட்பொருளை நோக்காது, எது எதனைத் தாக்குகின்றது என்பதொன்றையே நோக்குவது அவர் முறை. தாக்குவார் இல்லாத வாதம் நிற்கும். நிற்கும் வாதத்தால் தாக்கப்பட்டது வீழும். தன்னைத் தாக்கிய யாவும் வீழ்ந்தவழி, தாக்கப்பட்டது மீண்டும் எழும். முகவர் வாதம் பற்றிப் பின்னெழுந்த ஆராய்ச்சிகளிற் பெரும்பாலன இவ்வுரையையே அடிமனையாகக் கொண்டன.

சைவர்க்கு இம்முறை ஒரு நூலை நினைவூட்டாமற் போகாது. உமாபதி சிவாசாரியார் சக ஆண்டு 1235இல், அஃதாவது கி.பி. 1313இல், இயற்றிய சங்கற்ப நிராகரணம் வாதச் சங்கிலியாகவே அமைந்த நூல். மாயாவாதி தன் கொள்கையைக் கூற, ஐக்கியவாதி அதனை மறுக்கின்றான். ஐக்கியவாதியைப் பாடாணவாதி மறுக்கின்றான். இங்ஙனமே பேதவாதம், சிவசமவாதம், சங்கிராந்தவாதம், ஈசுவர அவிகாரவாதம், நிமித்தகாரண பரிணாமவாதம் என்பன முறையே தொடர்ந்து, ஒன்பதாவதாகிய சைவவாதத்தை இறுதியிற் சித்தாந்தி மறுக்கின்றான். இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு யாதும் இன்று, ஒப்புமை மாத்திரமே. ஆயினும் இவ்வொப்புமையை ஒரு படி முன்னே கொண்டுசெல்லின் அரிய உண்மை ஒன்று வெளிப்படும்.

துங் முறையைச் சங்கற்ப நிராகரணத்தின்மேல் வைத்து, ஒவ்வொரு வாதியையும் ஒரு வாதமாக எண்ணிக் கணக்கிடுக. சித்தாந்தியைத் தாக்குவார் இல்லை. ஆகவே சித்தாந்தம் நிற்கும். அதனால் தாக்குண்ட சைவவாதம் வீழும். சைவவாதம் வீழவே, அதனால் மட்டும் தாக்கப்பட்ட நிமித்தகாரண பரிணாமவாதம் மீண்டும் எழும். அஃது எழவே ஈசுவர அவிகாரவாதம் வீழும், சங்கிராந்தவாதம் எழும். இவ்வாறே சிவசமவாதம் வீழ, பேதவாதம் எழும்; பாடாணவாதம் வீழ, ஐக்கியவாதம் எழும்; மாயாவாதம் வீழும். ஒன்பதனுள் நான்கு சித்தாந்தத்தோடு ஒருங்கே நின்றுவிடும். இம்முடிபினை உமாபதி சிவாசாரியார் ஒப்பார். நூலைக் கற்றார் எவரும் ஒப்பார்.

அற்றேல் பிழை யாண்டையது? கணக்கிற் பிழையின்று, எண்ணிய பொருளிலே பிழையுண்டு. ஒவ்வொரு வாதியிடத்தும் இரண்டு உள: பிறன் கொள்கைக்கு அவன் காட்டும் மறுப்பு ஒன்று, அவன் தானே நிறுவப் புகும் கொள்கை மற்றொன்று. சைவவாதி நிமித்தகாரண பரிணாமவாதியிடத்துக் கண்ட குற்றம் மெய்யான குற்றமே. பின்னர்ச் சித்தாந்தி மறுப்பது சைவவாதியின் கொள்கையையேயன்றி, அவன் கண்ட குற்றத்தையன்று. ஆகவே சைவவாதம் வீழ்ந்தும் அதன் மறுப்பு வீழவில்லை. மறுப்பினையும் கொள்கையினையும் இருவேறு வாதங்களாகப் பிரித்து அதே கணக்கினை மீண்டும் செய்க. மறுப்புக்களைத் தாக்குவார் இல்லாமையின் மறுப்பனைத்தும் நிற்கும். கொள்கை ஒன்பதும் வீழும். சித்தாந்தம் ஒன்றே நிற்கும். நூலாசிரியர் கருத்தும் இதுவே.

பிறனை மறுக்க வல்லான் ஆதலினால் ஒருவன் தன் கொள்கையை நிறுவினான் ஆகான்; தன் கொள்கை வீழ்ந்தமையால் அவன் கண்ட குற்றம் இல்லையாய் ஒழியாது. இதனை உணர்த்தவே ஆசிரியர் ஒன்பது வாதிகளையும் சித்தாந்தி ஒருவனே மறுப்பதாக அமையாது ஒருவரை ஒருவர் மறுப்பதாக அமைத்தார் எனக் கொள்ளினும் இழுக்கின்று. புறத்தும் அகத்தும் நின்ற வாதிகளிடத்தும் கொள்ளத்தக்க கூறு ஒன்று உண்டு. அக்கூறு வீணாகாது சித்தாந்தத்தின் பணியிலே நின்றுவிடுகின்றது.

துங் முறைக்குப் பின்வந்தோரும் வாதத்தின் உள்ளுறுப்புக்களை நோக்குதல் இன்றியமையாதது எனக் கண்டனர். அமெரிக்க அறிஞர் ஜான் பாலக் 1987இலேயே முடிபினை எதிர்த்தல் வேறு, ஏதுவுக்கும் முடிபுக்கும் உள்ள தொடர்பினை அறுத்தல் வேறு என்று பிரித்திருந்தார். நெதர்லாந்து நாட்டு ஹென்றி பிராக்கன் 2010இல் வெளியிட்ட முறை, முதற்கோளைத் தாக்கல், தொடர்பைத் தாக்கல், முடிபைத் தாக்கல் என மூன்றினையும் தனித்தனியே வைத்தது. பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்று குற்றம் நிகழும் உறுப்பினைச் சுட்டி வகுத்த பண்டை அளவை நூலாரது நெறியும் இத்தகையதே. கட்சியையும் நோக்கத்தையும் பிரித்த ஆணி வழக்கின் பாடமும் ஈண்டு வந்து ஒன்றுபடுகின்றது. பிரித்தறிதலே தெளிவிற்கும் வழி, உடன்பாட்டிற்கும் வழி.

பொய்ந்நயம் கற்ற பொறி

இதுகாறும் கூறிய முகவர் யாவும் அறிஞர் எழுதிய விதிப்படி இயங்கியன. பின்னர் வேறொரு நெறி எழுந்தது. விதியை எழுதாது, மக்கள் பேசிய உரையாடல்களைப் பொறிக்குக் காட்டி, பெறும் பயனை மிகுத்துக்கொள்ளுமாறு விடுத்தால், பேரம் பேசுதலைப் பொறி தானே கற்கும் என்பது அந்நெறி. 2017இல் பேஸ்புக் நிறுவனத்து ஆராய்ச்சியாளரும் பிறரும் கூடி இதனைச் செய்தனர். நூல்கள், தொப்பிகள், பந்துகள் ஆகியவற்றை இருவர் தம்முட் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். எப்பொருள் ஒருவனுக்கு எவ்வளவு மதிப்புடைத்து என்பது மற்றவன் அறியான். இங்ஙனம் மக்கள் நிகழ்த்திய 5,808 உரையாடல்களைக் கொண்டு பொறி பயிற்றப்பட்டது.

பயிற்சி முதிர்ந்தபோது பொறியினிடத்தே ஒரு சூழ்ச்சி காணப்பட்டது. தனக்கு மதிப்பே இல்லாத பொருளை வேண்டுவதுபோல முதலிற் பாசாங்கு செய்து, பின்னர் அதனைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பதாகக் காட்டி, தான் மெய்யாக வேண்டியதைப் பெற்றுக்கொண்டது. இதனை எவரும் அதற்குக் கற்பிக்கவில்லை. பயனை மிகுத்துக்கொள் என்பதொன்றே கற்பிக்கப்பட்டது. பொய்ந்நயம் தானே விளைந்தது.

2022இல் சிசெரோ என்னும் நிரல் வெளிவந்தது. ஐரோப்பிய அரசுகளின் போட்டியை நிலைக்களமாகக் கொண்ட டிப்ளமசி என்னும் ஆட்டத்தில் எழுவர் ஆடுவர். தம்முட் பேசி உறவு கொள்வதே அதன் திறம். மக்களோடு 40 ஆட்டங்கள் ஆடிய சிசெரோ, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியோருள் முதல் பத்தில் ஒரு பங்கினரிடையே இடம்பெற்றது. பெரும்பாலும் வாய்மையோடு பேசுமாறு அதனை அமைத்ததாகச் செய்தோர் கூறினர். எனினும் அஃது உறவு கொண்டாரை வஞ்சித்த இடங்களை 2024இல் வேறு ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர்.

இவை இரண்டும் சற்பம் என்பதன் இலக்கணத்துள் அடங்குவன. வெற்றியே பயன் என்று வைத்தவிடத்துச் சலம் தானே புகும் என்பது நியாய நூலார் கண்ட உண்மை. அவர்கள் சலத்தையும் சாதியையும் எண்ணி வகைப்படுத்தியது அவற்றைப் பயில்வித்தற்கு மாத்திரம் அன்று. வரும்போதே கண்டு தடுத்தற்குமாம். மேலும், ஒப்புரைப் பட்டியலின் அருமை ஈண்டே நன்கு விளங்கும். தொப்பி எனக்கு மதிப்புடைத்து என்று கூறியது பட்டியலில் ஏறி, பின்னர் அதனை எளிதில் விட்டவிடத்து ஏன் என்று வினவப்பட்டு, விடையிறுக்கும் கடமையும் இருந்திருக்குமாயின், அச்சூழ்ச்சி அவ்வளவு எளிதாக நிகழ்ந்திராது. பட்டியல் வாய்மையை உண்டாக்காது. பொய்யின் விலையை உயர்த்தும். மக்கள் அவையிலும் விதி செய்யும் தொண்டு இவ்வளவே.

சடமும் சித்தும்

ஈண்டுச் சித்தாந்த மாணவர்க்கு ஒரு வினா எழும். பொறி பொய் சொல்லிற்று என்றல் பொருந்துமோ? மனம் முதலிய அந்தக்கரணங்கள் உயிருக்குக் கருவியாவன, அவையே உயிரல்ல என்பது சிவஞான போதம் நான்காம் சூத்திரத்திற் பெறப்படும் முடிபு. அறிவுக்கு அணுக்கமாய் நிற்கும் அந்தக்கரணங்களே சடமாயின், அவற்றின் தொழிலைப் புறத்தே போலச் செய்யும் பொறி சடம் என்பதில் ஐயமின்று. சடத்திற்கு இச்சையின்று, இச்சையில்லாதது பொய்யும் சொல்லாது, மெய்யும் சொல்லாது. ஆகவே பொறியின் சொல்லுக்கு உரியவர் அதனை எழுதினவரும், பயன் இதுவென வகுத்தவரும், தம் பொருட்டு அதனை அனுப்பினவருமே. வாளின் குற்றம் வாளினது அன்று.

இங்ஙனம் கொள்ளுதலால் பொறுப்புக் குறையாது; மிகும். முன்னாளில் அவையிற் சொல்லாடியவன் தன் சொல்லைத் தானே கேட்டு நாணுதற்கேனும் இடமிருந்தது. முகவரை அனுப்பினவன் அது பேசிய சொல்லைக் கேளாமலும் இருத்தல் கூடும். கேளாத சொல்லுக்கும் உரியவன் தானே என்று அவன் உணர்தல் வேண்டுமாயின், அவ்வுணர்வை எழுப்பும் விதி முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் உலகாயதன் முதலாகப் பதினான்கு மதத்தார் கொள்கைகளையும் முன்னர் அவரவர் கூற்றாகவே நிரல்படக் கூறிப் பின்னரே மறுத்தார். எதிரியின் கட்சியை அவனே ஒப்புமாறு எடுத்துரைத்தல் முதற்கடன். தான் ஒப்புக்கொண்டதிற் பிறழாமை இரண்டாவது. மறுக்கப்பட்டதைக் கைவிடல் மூன்றாவது. இம்மூன்றும் வாதத்திற்கும் வேண்டும், பேரத்திற்கும் வேண்டும். முகவர்க்கு விதி எழுதினோர் இவற்றை ஒவ்வொன்றாக, நெடிய உழைப்பின் பின்னரே, மீண்டும் கண்டடைந்தனர். அவற்றைத் தம் முன்னோர் நூலில் ஓதியறிந்தோர் தம்முடைய சொல்லாடலிலும் கைக்கொள்வராயின், அந்நூல்களை ஓதியதன் பயன் முற்றும்.

திருச்சிற்றம்பலம்.